வர்ணம் பூசுமுன் வீட்டில் செப்பனிட வேண்டியவை

பண்டிகைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது இந்தியா முழுவதும் வழங்கி வரும் பழக்கமாகும். வடநாட்டில் தீபாவளியையொட்டியும், தமிழ்நாட்டில் பொங்கலையொட்டியும் சுவர்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. ஆனால் மிகுந்த செலவில் பூசப்பட்ட வர்ணம் அடுத்த ஆண்டே கொப்புளித்துப் பொருக்காக உதிர்வதைப் பல வீடுகளில் காணலாம். வீட்டுக்காரர் வர்ணத்தைக் குறை கூறுகிறார். பூசியவர் சுவரைக் குறை கூறுகிறார். பெரும்பாலும் இரண்டாமவர் கூற்றே உண்மை.

வர்ணப் பூச்சு, ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே கனமுள்ள மெல்லிய படலம். தனக்குப் பின்னால் உள்ள நீரையும் உப்பையும் துருவையும் தடுத்து நிறுத்த அதனால் இயலாது. சில காலம் அவற்றைக் கண்ணுக்கு மறைக்கவே இயலும். அவ்வாறு மறைப்பதுதான் தீங்காக முடிகிறது. எனவே வர்ணத்துக்கென ஒதுக்கிய பணத்தில் முதற்பங்கு எந்தெந்த வேலைகளுக்குச் செல்ல வேண்டும் என்பதை அறிந்துகொள்ளுதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தரும்.

வெள்ளையடிப்பும் இக்கால வர்ணமும்

முன்னோர் மழை முடிந்தவுடன் வெள்ளையடித்தனர். அவர்கள் கையாண்டது நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமிலவாயுவுடன் கூடிக் கால்சியம் கார்பொனேட்டாக மாறி இறுகும். இந்த மாற்றம் நிகழச் சிறிது ஈரம் தேவைப்படுகிறது. இறுகிய பின்பும் அப்பூச்சில் நுண்ணிய துளைகள் எஞ்சியிருப்பதால், சுவரிலுள்ள ஈரம் அவற்றின் வழியே ஆவியாக வெளியேறும். ஆகவே சற்று ஈரமான சுவருக்கும் வெள்ளையடிப்பு பொருந்தியது.

இன்று பெரும்பாலான நகர வீடுகளில் பூசப்படுவன எமல்ஷன் வர்ணங்களும் எண்ணெய் வர்ணங்களும் ஆகும். இவை பிசின் படலமாக உலர்கின்றன. ஈரம் வெளியேறும் வழியைக் குறைக்கின்றன. எண்ணெய் வர்ணம் அதை ஏறத்தாழ அடைத்தே விடுகிறது. ஈரம் வெளிவர முயலும்போது படலம் சுவரினின்று பெயர்ந்து கொப்புளமாகிறது. பழக்கம் பழையதாகவே இருக்க, பொருள் மட்டும் மாறிவிட்டது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஓய்கின்றன. அவற்றை அடுத்து வரும் பண்டிகைக் காலத்தில்தான் சுவர்கள் மிகுந்த நீரை உட்கொண்டிருக்கின்றன என்பது கருதத்தக்கது.

ஈரத்தின் ஊற்றைக் கண்டறிதல்

சுவரில் ஈரம் நான்கு வழிகளில் சேரலாம்: மேலே கூரையிலிருந்து இறங்கலாம்; பக்கத்தில் வெடிப்புகளின் வழியே நுழையலாம்; கீழே தரையிலிருந்து ஏறலாம்; சுவருக்குள்ளேயே புதைந்த குழாயிலிருந்து கசியலாம். இவையன்றி, அறைக் காற்றிலுள்ள நீராவியும் குளிர்ந்த சுவரில் பனிபோல் படியும். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

கடைசியாகக் கூறியதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சுமார் 30 செ.மீ. சதுரமான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைச் சுவர்மேல் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் காணப்பட்டால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் காணப்பட்டால் அது அறைக்காற்றின் ஈரம். அதற்குத் தேவையானது சாளரமும் காற்றோட்டமுமேயன்றிப் புதிய காரை அன்று.

கூரை

செப்பனிடும் வேலை மேலிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும். மேல்தளம் ஒழுகிக்கொண்டிருக்கையில் கீழ்ச்சுவரைத் திருத்துவது வீண்.

தளத்தில் மழைநீர் தேங்கக்கூடாது. ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. அளவிலாவது சரிவு அமைந்து, நீர் போகும் வாயை நோக்கி ஓடவேண்டும். குளம்போல் தேங்கும் இடங்களை மழை நின்றவுடன் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்தால் கொத்தனாருக்கு வழிகாட்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலையே பெரும்பாலும் முதலில் பிளவுபடுகிறது. தட்டோடுகளின் இணைப்புகளில் சாந்து உதிர்ந்திருந்தால் அதைச் சுரண்டியெடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். பறவைகளின் எச்சத்தால் முளைக்கும் ஆல், அரசங்கன்றுகளைச் சிறிதாக இருக்கையிலேயே வேருடன் அகற்றல் வேண்டும். மேலே வெட்டிவிடுவதால் பயனில்லை. எஞ்சிய வேர் பருத்துப் பிளவை அகலப்படுத்தும்.

கூரையின் வெப்பமும் சுவரைத் தாக்குகிறது. கான்கிரீட்டு ஒரு பாகை சென்டிகிரேடு உஷ்ணம் ஏறும்போது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 10 பங்கு விரிகிறது. 10 மீட்டர் நீளமுள்ள தளம் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். மாலையில் மீண்டும் சுருங்கும். நாள்தோறும் நிகழும் இந்த அசைவினால்தான் மேல்மாடியில் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடையான வெடிப்பு தோன்றுகிறது. இதை எத்தனை முறை அடைத்துப் பூசினாலும் மீண்டும் தோன்றும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடுகளையோ வெள்ளைப் பூச்சையோ தளத்தின்மேல் அமைப்பது இந்த அசைவைக் குறைக்கும். கீழறையும் குளிர்ச்சி பெறும்.

குழாய்களும் குளியலறையும்

மழையில்லாக் காலத்திலும் மறையாத ஈரத்துக்குப் பெரும்பாலும் குழாயே காரணம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டிக்கு நீர் வரும் வழியையும் அடைத்து, நீர்மட்டத்தைக் குறித்துவைத்து மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். சொட்டும் குழாய் ஏதுமின்றி மட்டம் இறங்கியிருந்தால் மறைந்த கசிவு உண்டு. கழிவுநீர்க் குழாய் நீர் ஓடும்போது மட்டுமே கசியும் என்பதால், குளியலறைத் தரையில் நிறமேற்றிய நீரை ஊற்றி அடுத்த அறைச் சுவரையும் கீழ்வீட்டு மச்சையும் கவனித்தல் தகும்.

தரையிலிருந்து ஏறும் ஓதம்

செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலவே அவற்றில் நீர் ஏறுகிறது. இதைத் தந்துகிக் கவர்ச்சி என்பர். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். 0.1 மி.மீ. ஆரமுள்ள குழலில் சுமார் 15 செ.மீ. ஏறும் நீர், 0.01 மி.மீ. ஆரமுள்ள குழலில் சுமார் 1.5 மீட்டர் வரை ஏற வல்லது. உண்மையான சுவரில் வழியிலேயே நீர் ஆவியாவதால், ஓதத்தின் கோடு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடுகிறது.

நீர் ஆவியாகிப் போகும். அதில் கரைந்துவந்த உப்புகள் போகா. அவை சுவரின் மேற்பரப்பில் வெண்மையான பொடியாகப் படிகின்றன. அவற்றுள் சோடியம் சல்பேட்டு என்ற உப்பு ஈரம் பெற்றுப் படிகமாகும்போது, உலர்ந்த நிலையில் இருந்ததைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த அழுத்தமே காரையைப் பொடியாக்குகிறது. வர்ணம் இதற்கு எம்மாத்திரம்?

ஓதமேறும் சுவரைச் சிமெண்டுக் காரையாலோ பளிங்கு ஓடுகளாலோ மூடிவிடுவது பலரும் செய்யும் தவறு. ஆவியாகும் வழி அடைபட்டதும், நீர் அந்த மூடலுக்கு மேலும் ஏறித் தலைகாட்டும். அடித்தளத்தின் மேல் அமைந்த ஓதத் தடுப்பு அடுக்கை வெளிப்புறத்து மண் தாண்டி உயர்ந்திருந்தால், அம்மண்ணை அந்த அடுக்குக்குச் சுமார் 15 செ.மீ. கீழ் வரை அகற்றுவதே முதல் வேலை. சுவரோரம் சமையலறை நீரும் மழைநீரும் தேங்காதவாறு வடிகால் அமைக்க வேண்டும். பிறகு உப்பேறிய காரையை ஓதக் கோட்டுக்கு அரை மீட்டர் மேல் வரை கொத்தியெடுத்துச் சுவரைத் திறந்தபடி உலரவிட்டு, ஆவி வெளியேற இடந்தரும் சுண்ணாம்புக் காரையைப் பூசலாம். ஓதத் தடுப்பு அடுக்கே இல்லாத பழைய வீடுகளில், சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு நீரை விலக்கும் ரசாயனத்தைச் செலுத்தும் முறையும் கையாளப்படுகிறது.

கம்பியின் துரு

மேற்கூறியவற்றால் விளைவது பெரும்பாலும் பொருள் நஷ்டமே. இதனாலோ உயிருக்கே ஆபத்து நேரும். நல்ல கான்கிரீட்டு மிகுந்த காரத்தன்மை உடையது. அக்காரம் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காலப்போக்கில் காற்றின் கரியமிலவாயு கான்கிரீட்டுக்குள் புகுந்து காரத்தைக் குறைக்கிறது; கம்பி தன் காப்பை இழக்கிறது. கரியமிலவாயு செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே கம்பிக்கு 2 செ.மீ. கான்கிரீட்டு மூடல் இருக்க வேண்டிய இடத்தில் 1 செ.மீ. மட்டுமே இருந்தால், அது பாதுகாப்பாக இருக்கும் காலம் பாதியாக அன்று, கால்பங்காகவே குறைந்துவிடும். மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றோடு வரும் குளோரைடு உப்பும் அந்தப் படலத்தைச் சிதைக்கிறது.

அதன்பின் ஈரம் பட்டால் துரு தொடங்கும். துரு தான் தோன்றிய இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. மச்சில் கம்பியின் போக்கில் நேர்க்கோடாக ஓடும் வெடிப்பும், செம்பழுப்புக் கறையும் இதன் முன்னறிவிப்புகள். மரக்கைப்பிடியால் தட்டிப் பார்த்தால், உறுதியான இடம் கணீரென ஒலிக்கும்; பெயர்ந்த இடம் பொள்ளலாக ஒலிக்கும். அவ்விடத்தின் கீழ்க் கட்டிலோ தொட்டிலோ இடலாகாது.

இத்தகைய மச்சில் மேலாகச் சிமெண்டைப் பூசி வர்ணம் அடிப்பது நோயை மூடிவைப்பதற்கு ஒப்பாகும். முட்டுக் கொடுத்து, பெயர்ந்த கான்கிரீட்டை நீக்கி, கம்பியின் பின்புறம் வரை துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சிட்டு, ஒட்டும் தன்மை மிகுந்த சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருக்கக் கண்டால் கட்டடப் பொறியாளரின் ஆலோசனையின்றி எதுவும் செய்தலாகாது.

வெடிப்புகள்

வெடிப்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை முதலில் அறியவேண்டும். அதன் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதிவைத்தும், குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் பதித்தும் சில மாதங்கள் கவனிக்கலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்பது தெளிவு. தக்காணத்தின் கரிசல் மண் மழையில் பருத்துக் கோடையில் சுருங்குவதால், அங்குள்ள வீடுகளில் வெடிப்புகள் பருவத்தோடு திறந்து மூடுகின்றன. அத்தகைய நிலத்துக்கென, ரூர்க்கியில் 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் விரிந்த தூண் அடித்தளத்தை உருவாக்கியது. ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கோ, அடித்தளத்தருகே நீர் தேங்காமல் காப்பதும், பெருமரங்களைச் சுவரோரம் வளர்க்காமையும் முதற்காப்பாகும். அசைவு நின்ற வெடிப்பையே சாந்தால் அடைக்க வேண்டும்.

மின்கம்பியும் மரவேலையும்

சுவரை வெட்டிச் செய்யவேண்டிய வேலைகள் அனைத்தும் வர்ணத்துக்கு முன் முடிதல் வேண்டும். ஓதமுள்ள சுவரில் பழைய மின்கம்பியின் உறை நைந்திருந்தால் சுவரைத் தொட்டாலே மின்தாக்கு நேரலாம். நிலக்கம்பி ஒவ்வொரு செருகுவாய்க்கும் வந்துள்ளதா என்பதைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சோதித்து, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே ஓட்டத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது உயிர்காப்பு.

கதவு நிலைகளைக் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தால் உளுத்த இடம் புலப்படும். சுவரில் மண்கோடுகள் ஓடினால் கரையான் தரைக்கடியில் உள்ளது. கோட்டைத் துடைத்து வர்ணம் பூசுவதால் அது அழியாது. இந்தியத் தர நிர்ணயம் 6313-இன் மூன்றாம் பகுதி, கட்டி முடிந்த வீடுகளுக்கான தடுப்பு முறையை விவரிக்கிறது.

பழைய வர்ணத்தில் ஈயம்

இல்ல வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எண்ணெய் வர்ணங்களில் மிகுந்த ஈயம் இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்யும். நீர் தெளித்து நனைத்தே தேய்க்க வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அகற்றி, வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும்.

உலர்ந்த பின்னரே வர்ணம்

புதிய சிமெண்டுக் காரையின் காரம், எண்ணெய் வர்ணத்தின் எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிக் கெடுத்துவிடும். ஆகவே காரை பூசிக் குறைந்தது 4 வாரமாவது ஆற விடுதல் அவசியம். எண்ணெய் வர்ணத்துக்கு அதனினும் நீண்ட காலம் நன்று.

இவ்வாறு கோடையில் கூரையையும் குழாயையும் செப்பனிட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் சுவரைக் கவனித்து, அது உலர்ந்தபின் வர்ணம் பூசுவதே முறையான வரிசை. பணம் போதவில்லையெனில் அந்த ஆண்டு வர்ணத்தை ஒத்திவைத்துக் கூரையைச் செப்பனிடலாம்; பண்டிகைக்குச் சுண்ணாம்பே போதும். ஈரம் நீங்கிய சுவரில் எளிய வெள்ளைப் பூச்சும் பல ஆண்டு நிலைக்கும். ஈரச்சுவரிலோ, விலையுயர்ந்த வர்ணமும் அடுத்த மழைவரை மட்டுமே நிற்கும்.