தண்டவாளம் போன பின் தரை யாருக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறி ராஜபாளையத்தில் இறங்குகிறவர்களுக்கு நிம்மதியாக உட்கார்ந்து பேசக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. பால்கோவாப் பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. சமீபத்தில் நாம் அவ்வழியே பிரயாணம் செய்தபோது, எதிரே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டி, "ஏனப்பா, சின்ன ரயில் ஓடின காலத்திலே ஸ்டேஷனைச் சுத்தி எவ்வளவு இடம் கிடந்தது! அதெல்லாம் இப்போ யாருக்கு?" என்று கேட்டார். நாம் பதில் தேடி விழிப்பதற்குள் அந்த அம்மாள் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கேள்வி மட்டும் நம்முடன் மேலே பிரயாணம் செய்தது.

அவர் சொன்ன சின்ன ரயில் மீட்டர் கேஜ் ரயில். விருதுநகரிலிருந்து தென்காசி வரை தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் போட்ட அந்தப் பாதை 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே மூன்றேகால் அடிதான் இடைவெளி. 2004ஆம் ஆண்டு வாக்கில் அது ஐந்தரை அடி அகலப் பாதையாக மாறி முடிந்தது. பாதை அகலமானால் இடம் அதிகம் வேண்டியிருக்குமே என்று தோன்றும். ஆனால் ரயில்வே நிலத்தைத் தின்றது பாதையன்று, பரிவாரம். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டி, கரி மேடு, சாம்பல் குழி வேண்டும். பஞ்சு மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்றச் சரக்குக் கொட்டகையும் பக்கத் தண்டவாளங்களும் வேண்டும். இத்தனைக்கும் ஆட்கள் வேண்டும்; ஆட்களுக்கு வீடுகள் வேண்டும். நீராவி எஞ்சின் போயிற்று. மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டன. இவ்விதம் தேசமெங்கும் ஸ்டேஷன்களை ஒட்டி நிலம் சும்மா கிடக்க நேர்ந்தது.

சும்மா கிடக்கும் நிலம் என்ன ஆகும் என்பதற்குத் தர்மபுரியைப் பார்த்தால் போதும். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906ஆம் ஆண்டில் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டுத் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. யாரோ நடத்திய யுத்தத்தில் நம் ஜில்லா தன் ரயிலை இழந்தது. பாதை போன தடத்தில் நாளடைவில் ஏழை ஜனங்கள் குடியேறினார்கள். குடியிருக்க இடமில்லாதவன் வெற்று நிலத்தில் குடிசை போடுவதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பட்டாவில்லாத வீடு என்றைக்கும் பயத்தின்மேல் கட்டிய வீடுதான். மீண்டும் ரயில் வேண்டும் என்று ஜில்லாவாசிகள் பல்லாண்டு கேட்டு, 2019ஆம் ஆண்டில் அடிக்கல்லும் நாட்டப்பட்ட பிறகு, பழைய தடத்தின்மேல் இருந்த வீடுகளே பெரும் பிரச்னையாயின. ரயிலுக்காகக் காத்திருந்தவர்களும் சங்கடப்பட்டார்கள். வீடு கட்டியவர்களும் சங்கடப்பட்டார்கள்.

மதுரை-போடிநாயக்கனூர்ப் பாதையின் கதை வேறு. 1928ஆம் ஆண்டில் திறந்த அந்த ஐம்பத்தாறு மைல் பாதையும் யுத்தத்தின்போது பெயர்க்கப்பட்டது. ஆனால் தடம் கலையாமல் இருந்தபடியால், சுதந்திரத்திற்குப் பின் 1950களில் தண்டவாளம் திரும்பி வந்தது. அகலப் பாதை வேலைக்காக 2010ஆம் ஆண்டின் முடிவில் இரண்டாம் முறை நின்ற ரயில், 2022ல் தேனிக்கும் 2023ல் போடிக்கும் திரும்பிற்று. நின்றுபோன ரயில் என்றேனும் திரும்பி வரலாம். ஆகவே நிலத்தைத் துண்டு போடாதிருப்பதே முதற் காரியம். அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டில் இதையே சட்டமாக்கினார்கள். ரயில் நின்ற தடத்தை நடைபாதையாக உபயோகிக்கலாம். வேண்டும்போது ரயிலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நடந்தது தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய விஷயம். மலேயா ரயில் பாதைகளை அமைத்ததில் நம்மவர் சிந்திய வியர்வை கொஞ்சமன்று. சிங்கப்பூரில் குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தின் ஓரமாக 1932ஆம் ஆண்டில் ரயில்வேத் தொழிலாளிகள் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு குடிசைக் கோயில் எழுப்பினார்கள். சாலை விரிவுக்காகப் பின்னர் இடம் மாறிய அக்கோயில் இன்று பெரிய ஆலயமாகக் காமன்வெல்த் டிரைவில் விளங்குகிறது. அந்த ரயில் 2011 ஜூலை முதல் தேதியிலிருந்து தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்கு வருவதில்லை. தெற்கிலிருந்து வடகோடிக்குப் பதினைந்து மைல் நீளமுள்ள தடம் காலியாயிற்று. ஓர் அங்குல நிலத்துக்கும் விலை மதிக்கும் ஊர் அது. கூறு போட்டு விற்றிருந்தால் பணம் மழையாய்க் கொட்டியிருக்கும். ஆனால் அங்குள்ள இயற்கைச் சங்கத்தார் 2010லேயே, தடத்தை முழுதாகப் பசுமை வழியாக வையுங்கள் என்று யோசனை கொடுத்தார்கள், ஜனங்களும் கூடச் சேர்ந்தார்கள், சர்க்கார் செவிசாய்த்தது. புக்கிட் தீமா ஸ்டேஷனும் இரண்டு இரும்புப் பாலங்களும் இடிபடாமல் தப்பின. இன்று மாடிக் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே மர நிழலில் குடும்பங்கள் உலாவுகின்றன.

வீடுகளின் சங்கதி லண்டனில் தெரிகிறது. கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனின் பின்புறம் பாழாய்க் கிடந்த 67 ஏக்கர் சரக்கு யார்டில் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த வீடுகளைக் கட்டினார்கள். நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் சதுக்கமாகவும் பூங்காவாகவும் விட்டார்கள். கரிக் கிடங்குகள் கடைவீதியாயின. நியூயார்க்கில் 2009 முதல் திறந்த உயர்பாதைப் பூங்காவோ இன்னொரு பாடம். பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. அழகைக் கண்டு சுற்றுப்புறத்தில் நிலமும் வாடகையும் ஏறின. பழைய குடித்தனக்காரருக்கு இடம் ஒதுக்காமல் பூச்செடி வைத்தால், பூ வாசனையை நுகரப் புதுப் பணக்காரர்தான் மிஞ்சுவார்.

மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தவை. அமிர்த பாரத ஸ்டேஷன் திட்டத்தில் இரண்டுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. உபயோகமற்ற ரயில்வே நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விடவென்றே 2006ஆம் ஆண்டு முதல் டில்லியில் ஓர் ஆணையம் இயங்குகிறது. அதிக ஏலத் தொகை கேட்பவருக்கே நிலம் என்றால், ஊருக்குக் கிடைப்பது இன்னும் ஒரு வணிக மாளிகைதான். அகன்ற யார்டுகளில் மில் தொழிலாளிகளுக்கும் சிறு சம்பளக்காரருக்கும் வாடகை வீடுகள் வரட்டும். நீண்ட ஒடுங்கிய துண்டுகளில் மரங்கள் வளரட்டும். பாதை என்றேனும் விரிய வேண்டுமானால் அதற்கும் இடம் இருக்கட்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த ஊர்க்காரருக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. விஷ்ணுசித்தர் பேணிய நந்தவனத்தில் துளசிச் செடியின் கீழ் ஆண்டாளைக் கண்டெடுத்த ஊர் ஒன்று. சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தம் சொந்த இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் மற்றொன்று. இரு நகராட்சிகளும் சேர்ந்து, ஸ்டேஷன்களைச் சுற்றியுள்ள நிலம் எவ்வளவு, எது ரயிலுக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று மதுரைக் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். பதில் வந்தால், அந்த அம்மாளுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். விலாசம் கேட்டு வைத்துக்கொள்ளாதது நமது தவறு.