வயிறு நிறைந்தும் கை நீள்வது ஏன்?

காலையில் தெரிந்தவரைப் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்றுதான் நாம் கேட்போம். சரி, பசியாறிய பிறகும் பலகாரத் தட்டை நோக்கிக் கை நீள்கிறதே, அது எதனால்?

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது சீனி தூக்கலான வரக்கோப்பிதான் அவருக்குத் தெம்பு. மரத்துக்கு மரம் நடந்த உடம்பு அந்தச் சீனியை எரித்துவிட்டது. இப்போது ஈப்போவில் அடுக்குமாடி வீடு. நடை குறைந்தது, இனிப்பு குறையவில்லை. இனிப்பு நீர் வந்துவிட்டது. "வாயைக் கட்ட முடியாதாம்மா?" என்று நானே திட்டியிருக்கிறேன். அது எவ்வளவு தவறு என்பது இந்தத் தலைப்பைப் படித்தபோதுதான் புரிந்தது.

நம்மைச் சாப்பிடச் சொல்வது இரண்டு. ஒன்று பசி. வயிறு காலியானால் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் மூளைக்குச் சேதி சொல்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் இதைக் கண்டுபிடித்தார்கள். உடற்கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், "கையிருப்பு போதும்" என்று தெரிவிக்கிறது. இது 1994இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. உடல் பருத்தவர்களிடம் லெப்டின் நிறைய இருந்தும், மூளை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை.

மற்றொன்று ருசி. நம் மூளையே அபின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் 1975இல் இவற்றை அடையாளம் கண்டார்கள். இனிப்பும் கொழுப்பும் தரும் இன்பத்தில் இவற்றுக்குப் பங்குண்டு. மருந்து கொடுத்து இவற்றின் வேலையைத் தடுத்தால், பசியைவிட ருசியின் இன்பமே அதிகம் குறைவதைச் சோதனைகள் காட்டுகின்றன. வாழையிலைச் சாப்பாடு முடிந்தும் பாயாசத்துக்கு வயிற்றில் இடமிருக்கும் ரகசியம் இதுதான்!

இது சின்ன விஷயமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோர் 100 பேரில் சுமார் 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் சுமார் 31 பேருக்கு.

அப்படியானால் எல்லாம் மூளையின் குற்றம் என்று கையை விரித்துவிடலாமா? கூடாது. கண்ணில் படுவதும் மணப்பதும்தான் அந்த ஆசையைத் தூண்டுகின்றன. ஆகவே, மனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட மேசையைக் காலி செய்வது சுலபம். டின்பாலும் முறுக்கும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். சீனியை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். கடையில் 'கோசோங்' என்று கேட்க வெட்கம் வேண்டாம். இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் அம்மாவைத் திட்டுவதில்லை. அந்த டின்பாலை வாரந்தோறும் கடையில் வாங்கி வந்தது நான்தானே? அதை நிறுத்திவிட்டேன். மாலையில் இருவரும் சேர்ந்து நடக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இனிப்பு நீர் உள்ளவரைத் திட்டும் முன், சாப்பாட்டு மேசையை ஒருமுறை பாருங்கள்.