நாட்டுப்புறச் சாயலைக் காப்பது யாருக்காக?

நகரம் வளர்வது இயற்கை. வளரும் நகரம் தன் ஓரத்திலுள்ள தோப்பையும் புல்வெளியையும் விழுங்க முற்படுவதும் இயற்கையே. அவ்வாறு விழுங்கப்படும் தறுவாயில் இருக்கும் ஓர் ஊரின் வாசிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ‘எங்கள் ஊர் பட்டணமாக வேண்டாம், மரமும் மண்பாதையும் உள்ள ஊராகவே இருக்கட்டும்’ என்று கிளர்ச்சி செய்வார்களானால், அது போற்றத்தக்க பொதுத்தொண்டா, அல்லது வசதி படைத்தோரின் சுயநலமா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும், விடை காண உதவும் சரித்திரம் ஒன்று அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள காலிபோர்னியா மாகாணத்தில் சுமார் எழுபது வருஷ காலமாக நடந்துவருகிறது. அதை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்று உலகமெங்கும் சிலிக்கன் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்று விளங்கும் பிரதேசம் இதுவே. இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னர் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பழத்தோட்டங்களே இருந்தன. வசந்த காலத்தில் பிளம், ஆப்ரிகாட் மரங்கள் பூத்துக் குலுங்கும் காட்சியைக் காண வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வருவது வழக்கம். யுத்தம் முடிந்ததும் தொழிற்சாலைகள் வந்தன. ஆராய்ச்சிச் சாலைகள் வந்தன. அவற்றில் உழைப்போருக்கு வீடுகள் வந்தன. ஒரு தலைமுறைக் காலத்திற்குள் தோட்டங்களில் பெரும்பகுதி மறைந்தது. பள்ளத்தாக்கு நிரம்பியபின், அதன் மேற்கேயுள்ள சாண்டா குரூஸ் மலைத்தொடரின் அடிவாரத்தை நோக்கி நில வியாபாரிகளின் பார்வை திரும்பிற்று. ஓக் மரங்களும் பொன்னிறப் புல்லும் நிறைந்த குன்றுகள் அவை.

அடிவாரத்தில் வசித்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஒரு குடியிருப்பு தனி முனிசிபாலிடியாகிவிட்டால், நிலத்தை எப்படி உபயோகிப்பது என்று விதிக்கும் அதிகாரம் அதன் சபைக்கு வந்துவிடும். 1956-ல் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ், உட்சைடு என்னும் ஊர்களும், 1964-ல் போர்ட்டோலா வாலி என்னும் ஊரும் தனி முனிசிபாலிடிகளாயின. ஊரின் நாட்டுப்புறச் சாயலைக் காப்பதே இவற்றின் பிரதான நோக்கம். லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் ஒரு வீட்டுக்கு ஒரு ஏக்கராவது நிலம் இருக்க வேண்டுமென்று விதி செய்தார்கள். தெருவோர நடைமேடைகளுக்குப் பதிலாக, நடப்போரும் குதிரை மேல் செல்வோரும் உபயோகிக்கும் பாதைகளை ஊர் முழுவதும் அமைத்தார்கள்.

1962-ல் பாலோ ஆல்டோ நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பிரஜைகள் சிலர், பசுமையான மலையடிவாரத்தைக் காப்பதற்கென்றே ஒரு கமிட்டி அமைத்தனர். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் இலக்கியம் போதித்தவரும் பிற்காலத்தில் நாவலுக்காகப் புலிட்ஸர் பரிசு பெற்றவருமான வாலஸ் ஸ்டெக்னர் அதன் முதல் தலைவர். பிரசங்கம் செய்து கலைந்துபோகும் கூட்டமாக அது இருக்கவில்லை. கட்டட யோசனைகளைக் கற்று ஆராய்வது, நகரசபையின் பகிரங்க விசாரணைகளுக்குச் சென்று ஆட்சேபம் கூறுவது, அண்டை அயலாருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்வது ஆகிய சலிப்பூட்டும் வேலைகளை விடாமல் செய்துவந்தது. அந்த ஸ்தாபனம் இன்றும் இருக்கிறது. பொது வேலையில் ஆவேசத்தைவிட விடாமுயற்சி மேலானது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

1970-ஐ ஒட்டிய வருஷங்களில் பாலோ ஆல்டோ நகரசபை நிபுணர்களைக் கொண்டு ஒரு கணக்குப் பார்த்தது. குன்றுகளில் வீடு கட்ட அனுமதித்தால் நகரத்துக்கு வரி வரும். ஆனால் சாலை, சாக்கடை, பள்ளிக்கூடம், தீயணைப்பு, போலீஸ் எல்லாவற்றையும் மலைமேல் கொண்டுபோக வேண்டும். இந்தச் செலவையும் அந்த வரவையும் ஒப்பிட்டபோது, வீடுகளை அனுமதிப்பதைக் காட்டிலும் நிலத்தையே நகரம் விலைக்கு வாங்கிச் சும்மா வைத்திருப்பது லாபம் என்று தெரியவந்தது! வெற்று நிலம் வீண் நிலம் என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டிய உண்மை இது. 1972-ல் நகரசபை அக்குன்றுகளைத் திறந்தவெளியாக வகுத்தது. நில உரிமையுள்ள கம்பெனி ஒன்று வழக்காடியது. முடிவில் நகரம் அந்நிலத்தை வாங்க நேர்ந்தது. 600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த அராஸ்ட்ராடெரோ வெளியில் இன்று யாரும் சென்று உலாவலாம்.

அதே 1972-ல் மற்றொரு பெரிய காரியமும் நடந்தது. ஒவ்வோர் ஊரும் தனித்தனியே போராடுவதில் பயனில்லை என்று கண்ட பிரஜைகள், பிரதேசம் முழுவதற்கும் பொதுவான திறந்தவெளி ஸ்தாபனம் ஒன்று வேண்டுமென்று வாக்காளரிடம் சென்றனர். அதற்காகத் தங்கள் சொத்தின் மீது தாங்களே வரி விதித்துக்கொள்ள ஜனங்கள் சம்மதித்தார்கள். 2014-ல் 30 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஆதரவளித்தனர். இன்று அந்த ஸ்தாபனத்தின் பாதுகாப்பில் 65,000 ஏக்கருக்கு மேல் காடும் புல்வெளியும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் எவரும் கட்டணமின்றி நுழையலாம்.

இம்மட்டில் இச்சரித்திரம் குறையற்றது. மேலும், அம்மலையில் நெருங்கிக் கட்டாமலிருப்பதற்கு அழகைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. 1906-ல் சான் பிரான்சிஸ்கோவை நாசமாக்கிய பூகம்பத்துக்குக் காரணமான சான் ஆண்ட்ரியாஸ் பிளவு போர்ட்டோலா வாலியின் ஊடே செல்கிறது. கோடையில் காட்டுத்தீயின் அபாயமும் உண்டு. ஆதலின் ‘கட்டாதே’ என்பது பல இடங்களில் விவேகமே.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் சொற்ப வருமானமுள்ள குடும்பங்களுக்கு வீடுகள் கட்ட மெக்ஸிகோ வமிசத்தைச் சேர்ந்த மக்களின் சங்கம் ஒன்று முயன்றது. ஒரு ஏக்கர் விதி குறுக்கே நின்றது. வழக்கு மேல் கோர்ட்டுக்குச் சென்றது. 1974-ல் தீர்ப்பு வந்தது: ஊரின் கிராமியச் சூழலைக் காப்பது நியாயமான நோக்கம், அந்நோக்கத்துக்கும் விதிக்கும் தொடர்பு உண்டு, ஆகவே விதி செல்லும். சட்டப்படி ஊர் ஜயித்தது. ஆனால் நடந்ததென்ன? ஒரு ஏக்கர் நிலம் வாங்க வல்லவனே அவ்வூரில் குடியிருக்கலாம் என்றாயிற்று. இன்று அங்கே ஒரு சாதாரண வீட்டின் விலை பத்து லட்சம் டாலரைப் பன்மடங்கு கடந்து நிற்கிறது. அங்குள்ள குழந்தைகளுக்குப் போதிக்கும் உபாத்தியாயரும், தோட்டத்தைப் பேணும் தொழிலாளியும் வேறெங்கோ வசித்து நெடுந்தூரம் பிரயாணம் செய்து வர வேண்டியவர்களாகிறார்கள்.

இதனினும் வெளிப்படையான உதாரணம் பாலோ ஆல்டோவின் மலைப் பூங்கா. ரஸ்ஸல் லீ என்ற பிரபல வைத்தியர் தமது மலைநிலத்தை 1959-ல் நகரத்துக்கு விற்றார். விலையில் பங்கு கொள்ளுமாறு கேட்டதற்கு அண்டை ஊர்கள் இசையவில்லை. 1965-ல் திறக்கப்பட்ட அப்பூங்கா இன்று சுமார் 1,400 ஏக்கர் பரப்புள்ளது. ‘செலவு எங்களுடையது, ஆகவே பூங்காவும் எங்களுடையதே’ என்றது நகரம். வாகனத்தில் வருகிறவர் தாம் நகரவாசி என்று வாயிலில் காட்ட வேண்டும். இல்லையேல் நகரவாசி ஒருவரின் விருந்தினராக வர வேண்டும். மீறுவது சட்டப்படி குற்றம். நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள கிழக்கு பாலோ ஆல்டோ தனி ஊர். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வமிசத்தாரும் மிகுதியாக வாழும் ஊர். சில மைல் தூரத்திலிருந்த அவர்களின் குழந்தைகளுக்கு அந்த ஓக் மரங்களின் நிழல் விலக்கப்பட்டிருந்தது. ஊருணியில் நீர் நிறைந்திருந்தும் சுற்றிலும் வேலி!

நகரம் கேட்டபோது அண்டை ஊர்கள் பணம் தர மறுத்தது தவறுதான். அத்தவறுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்களோ, அந்தத் தீர்மானத்தில் பங்கே கொள்ளாதவர்கள். 2020 செப்டம்பரில், கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்குப் பாடுபடும் தேசிய சங்கத்தின் சான் ஹோசே கிளையும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். முன்னர் அந்நகர சபையிலேயே அங்கத்தினராயிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி லடோரிஸ் கார்டெல் வாதிகளில் ஒருவர். நகரம் இணங்கியது, டிசம்பர் 17-ந் தேதி வாயில் அனைவருக்கும் திறந்தது. தொடக்கத்தில் கூட்டம் பெருகியது. நகரசபை ஒரே சமயத்தில் உள்ளே இருப்போரின் தொகைக்கு வரம்பு வைத்து, வாகனங்களுக்குச் சிறு கட்டணமும் விதித்தது. குன்றுகள் குன்றுகளாகவே நிற்கின்றன. அந்நியர் நுழைந்தால் அழகு அழியும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பது புலனாயிற்று.

2022-ல் உட்சைடில் நடந்ததோ நகைப்புக்கிடமானது. வீட்டுப் பஞ்சத்தைத் தணிக்க, தனி வீடு மட்டுமே இருந்த மனைகளில் இரண்டு வீடுகள் கட்டவும் மனையை இரண்டாகப் பிரிக்கவும் மாகாணச் சட்டம் இடந்தந்தது. அருகிவரும் பிராணிகளின் வாசஸ்தலங்களுக்கு அதில் விலக்கு உண்டு. உடனே உட்சைடு அதிகாரிகள், தங்கள் ஊர் முழுவதுமே மலைச்சிங்கத்தின் வாசஸ்தலம் என்று கூறிச் சட்டத்தை ஒதுக்கிவைத்தார்கள். பெரும் மாளிகைகள் எழும்பியபோது மலைச்சிங்கத்துக்கு வராத ஆபத்து, சிறு வீடுகளால் வந்துவிடுமாம்! மாகாண அட்டர்னி ஜெனரல் ராப் போண்டா கண்டித்து எழுதியதும், சில தினங்களுக்குள் ஊர் அதைக் கைவிட்டது. மெய்யான காரணத்தைச் சொல்ல வெட்கப்படும் சங்கமே பிராணிகளின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முடிவு யாது? ஊரின் பசுமையைக் காக்கப் புறப்பட்டவர்கள் தவறு செய்தார்கள் என்பதன்று. அவர்கள் இராவிடில், அந்த மலையும் தோட்டங்கள் போன வழியே போயிருக்கும். பாராட்டுக்குரிய அவர்களிடம் நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. காவல் செய்தவன் காத்த பொருளுக்குச் சொந்தக்காரனாகிவிட மாட்டான். செல்வம் உடையவன் அதற்குத் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டுமென்று மகாத்மா காந்தி போதித்தார். செல்வத்துக்குப் பொருந்தும் அத்தர்மம் மலைக்கும் மரத்துக்கும் நீர்நிலைக்கும் பொருந்தும்.

ஆதலின், தன் ஊரின் நாட்டுப்புறச் சாயலைக் காக்கப் புறப்படும் சங்கம் எதுவாயினும், அதை மூன்று கேள்விகளால் பரீட்சிக்கலாம். காக்கப்படும் வெளியில் அயலூரான் கால் வைக்க முடியுமா? அதைக் காக்கும் செலவில் வசதியுள்ளவர் தம் பங்கைத் தாமே ஏற்கிறார்களா? இங்கே வீடு வேண்டாமென்று சொல்லும் சங்கம், கடைவீதிக்கும் ரயில் நிலையத்துக்கும் அருகில் ஏழைகளுக்கு வீடு கட்டும் யோசனை வரும்போது அதை ஆதரித்து எழுந்து பேசுகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லவல்ல சங்கம் தேசத்துக்கே உபகாரம் செய்கிறது. முதற் கேள்விக்கே தயங்கும் சங்கம் எத்தனை மரங்களைக் காத்தாலும், அது காப்பது தன் மதிற்சுவரையே என்பது எமது அபிப்பிராயம்.