கதவைத் தூக்கித் தூக்கி எத்தனை நாள் சாத்துவீங்க?

பாண்டியில இன்னமும் சில வீட்டு வாசல்ல தாத்தா காலத்து அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ நிக்குது. அதுல நிறைய வண்டிக்கு ஒரே வியாதி: கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சாத்தான் சாத்தும். உடனே எல்லாரும் பூட்டைத்தான் குறை சொல்வாங்க. பூட்டு மாட்டுற தகட்டைக் கொஞ்சம் கீழ இறக்கி வச்சா கதவும் சாத்திடும். ஆனா நம்ம பாஷையில சொன்னா, அது பக்கை விட்டுட்டு எர்ரர் மெசேஜை மட்டும் மறைக்கிற வேலை. உண்மையான பக் கீல்ல இருக்கு.

ஏன்னு பாப்போம். கதவோட மொத்த எடையையும் தாங்குறது ரெண்டே கீல்தான். மேல் கீல் வெளிய இழுபடும், கீழ் கீல் உள்ள அழுந்தும். கதவு நீளம் 90 சென்டிமீட்டர், ரெண்டு கீலுக்கும் நடுவுல 30 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க. மேல் கீல் 1 மில்லிமீட்டர் தேஞ்சா, பூட்டுப் பக்கம் கதவு 3 மில்லிமீட்டர் தொங்கிடும். கடல் காத்துல வர்ற உப்பு, பின்னுல துரு ஏத்தும். அந்தத் துருப்பொடி உப்புத்தாள் மாதிரி அரைச்சுக்கிட்டே இருக்கும்.

சோதிக்கிறது ரொம்ப சுலபம். கதவைப் பாதி திறந்து, ஓரத்தைப் பிடிச்சு மெதுவா தூக்குங்க. கண்ணு கீல் மேலயே இருக்கட்டும். கீலோட ரெண்டு பாகமும் ஒண்ணை விட்டு ஒண்ணு ஆடினா, பின்னும் புஷ்ஷும் தேஞ்சிருக்கு. கீல் மொத்தமா ஆடினா, ஸ்க்ரூ லூஸ். கீல் மாட்டியிருக்கிற பில்லர் தகடே அசைஞ்சா, உள்ள துரு தின்னிருக்கு. அது டிங்கரிங் வேலை, செலவும் கூடும்.

பின் தேய்மானம்தான்னா பயப்பட வேண்டாம். கழட்டுறதுக்கு முன்னாடி கீலைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டுக்கோங்க. ஜாக்கி மேல பலகையும் பழைய துணியும் வச்சு கதவைத் தாங்கிப் பிடிக்கணும், இதுக்கு ரெண்டு பேர் வேணும். துரு இளக்குற எண்ணெயை முதல் நாள் ராத்திரியே விட்டுடுங்க. ஒரு நேரத்துக்கு ஒரு கீல்தான். ஓட்டை முட்டை வடிவமா ஆகியிருந்தா, லேத் பட்டறையில ரீமர் போட்டு வட்டமாக்கி, கன்மெட்டல் புஷ்ஷும் புதுப் பின்னும் கடைஞ்சு போட்டுக்கலாம். கிரீஸ் மறக்காதீங்க. பூட்டுத் தகட்டை அட்ஜஸ்ட் பண்றது கடைசி வேலை.

"வேற கார் கீலை வெல்டு வச்சுடலாம் தம்பி"ன்னு யாராவது சொன்னா யோசிங்க. உத்தரபாராவில அம்பாசடர் தயாரிப்பு 2014-லயே நின்னுபோச்சு. வெட்டின பில்லரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர்றது லேசான காரியம் இல்ல. இன்னொண்ணு, 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின சொந்த உபயோக வண்டியை 'விண்டேஜ்'னு பதியலாம், நம்பர்ல 'விஏ'ன்னு எழுத்து வரும். ஆனா சேசிஸ், பாடி, எஞ்சின் மூணுலயும் பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. புஷ் மாத்துறது பராமரிப்பு. பில்லரை வெட்டுறது பாடியிலயே கை வைக்கிறது.

சரியா பூட்டாத கதவு ஓடுற வண்டியில திறந்துக்கலாம், அதையும் மனசுல வச்சுக்கோங்க. இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு வண்டிக் கதவை ஒரு தடவை தூக்கிப் பாருங்க மக்களே.