ஆணா? பெண்ணா? மண்ணின் சூடு சொல்லும் தீர்ப்பு!

மனிதக் குழந்தை ஆணா, பெண்ணா என்பது தாயின் வயிற்றில் கரு உண்டாகும்போதே முடிவாகிவிடுகிறது. கோழிக்குஞ்சும் அப்படித்தான்.

ஆனால் கடல் ஆமைக்கும் முதலைக்கும் இந்தச் சட்டம் செல்லாது! அவை முட்டையிடும்போது, உள்ளே இருக்கும் கரு ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. முட்டை புதைந்து கிடக்கும் இடத்தின் சூடுதான் அதை முடிவு செய்கிறது.

ஊர்வனவற்றின் இந்த விந்தையை 1966-ல் முதன்முதலில் எடுத்துச் சொன்னவர், மாதலேன் ஷார்னியே என்ற பெண் விஞ்ஞானி. ஆப்பிரிக்காவில் உள்ள செனகால் நாட்டில், ஒருவகை ஓணானின் முட்டைகளை ஆராய்ந்து அவர் இதைக் கண்டுபிடித்தார்.

திரும்பிப் பாராத தாய்

பச்சை ஆமை இரவில் கரையேறும். மணலில் குழி தோண்டி, சுமார் 100 முட்டைகள் இடும். மணலைத் தள்ளி மூடிவிட்டு, கடலுக்குப் போய்விடும். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

மணலின் சூடு 29 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி இருந்தால், ஏறக்குறையப் பாதி ஆண், பாதி பெண். சூடு ஏறினால் பெண் குஞ்சுகள் பெருகும். குறைந்தால் ஆண் குஞ்சுகள்.

அங்கே தலைகீழ்!

நியூசிலாந்தில் துவாட்டாரா என்று ஒரு பிராணி உண்டு. பார்த்தால் ஓணான் போல இருக்கும். ஆனால் ஓணான் அல்ல. டைனோசார்கள் காலத்தில் வாழ்ந்த ஒரு பெரிய குலத்தின் கடைசி வாரிசு அது!

இதற்கு எல்லாமே நிதானம். முட்டை பொரிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். 100 வயதைத் தாண்டியும் வாழும். இன்வர்கார்கில் நகரக் காட்சிசாலையில் இருந்த 'ஹென்றி' என்ற துவாட்டாரா, 2009-ல் தந்தையானது. அப்போது அதன் வயது சுமார் 111!

துவாட்டாராவின் கணக்கு, ஆமைக்கு நேர்மாறு. 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பெண். 22 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் ஆண். நடுவில் இருப்பது ஒரே ஒரு டிகிரிதான்!

மாப்பிள்ளை எங்கே?

இப்போது உலகமே சூடேறி வருகிறது. விளைவு என்ன?

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக் கடலில் பச்சை ஆமைகளை ஆராய்ந்தார்கள். 2018-ல் முடிவு வெளியாயிற்று. வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் 100-க்கு 99 பெண்கள்! இவை வளர்ந்த பிறகு மாப்பிள்ளைக்கு எங்கே போகும்? துவாட்டாராவுக்கோ, நாளடைவில் பெண் கிடைக்காமல் போகலாம்.

மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. பல நாடுகளில் ஆமை முட்டைகளுக்குப் பந்தல் போட்டு நிழல் தருகிறார்கள். நியூசிலாந்தில், 2012-ல் துவாட்டாராக்களைத் தெற்கே, குளிர்ச்சியான ஒட்டாகோ பகுதிக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள்.

டைனோசார்களே மாண்டபோதும் பிழைத்த குலம் அது. ஒரு டிகிரி சூட்டுக்கு அதைப் பறிகொடுக்கலாமா?