மானமும் மைதானமும்

கொல்கத்தாவுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தை முதல் வருடத்திலேயே ஒரு கேள்வி வந்து மறிக்கும். பக்கத்து வீட்டுக்காரரோ, கடைக்கு வரும் வாடிக்கைக்காரரோ சிரித்துக்கொண்டே கேட்பார்: "நீங்கள் மோகன் பாகனா, ஈஸ்ட் பெங்காலா?" எது ஜெயிக்கிறதோ அதற்கேற்ப அன்றைக்கு மீன் சமைப்பார்கள். மோகன் பாகனுக்கு இறால், ஈஸ்ட் பெங்காலுக்கு இலிஷ் மீன். இரண்டையுமே தொடாத சமண வீட்டில் பிறந்த எனக்கு இது ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வேடிக்கை ஒருநாள் 16 உயிர்களை வாங்கியிருக்கிறது. அது ஏன் நடந்தது என்பதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பகையின் வேரைப் பார்ப்போம். மோகன் பாகன் கழகம் 1889-ல் பிறந்தது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஆங்கிலேயப் பட்டாள அணி ஒன்றை 2-1 என்று தோற்கடித்தது. ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த நாளில் அது வெறும் பந்தாட்டமாக இல்லை, நாட்டின் தலைநிமிர்வாகவே கொண்டாடப்பட்டது. ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920-ல் தொடங்கியது. பெயரிலேயே கிழக்கு வங்காளம் இருக்கிறது. 1947-ல் நாடு பிரிந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து லட்சக்கணக்கான பேர் வீடு, நிலம், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்க்காரர் 'கோட்டி', வந்தவர் 'பாங்கால்'. இடத்துக்கும் வேலைக்கும் போட்டி. எல்லாம் போன மனிதனுக்குக் கைப்பிடிக்க மிஞ்சியது அந்தக் கழகத்தின் சிவப்பும் பொன்னிறமும்தான். ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு இந்த உணர்ச்சி புரியாமல் போகாது.

ஆக, அணிப்பற்று தப்பில்லை. அது எங்கே தப்பாகிறது? சமண நூல்கள் உயிரைக் கறைப்படுத்தும் கஷாயங்கள் என்று நான்கைச் சொல்லும்: குரோதம், மானம், மாயை, லோபம். இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். தமிழில் மானம் என்றால் தன்மதிப்பு, உயிரைவிடப் பெரியது. சமணத்தில் அதே சொல்லுக்கு 'நான் பெரியவன்' என்ற செருக்கு என்று பொருள். விளையாட்டு ரசிகனிடம் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. செருக்கில் அடிபட்டதைத் தன்மதிப்பில் அடிபட்டதாக நினைத்துக்கொள்கிறான். அப்புறம் குரோதம் வருவதற்கு ஒரு நொடி போதும். 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பாகன் 0-5 என்று தோற்றபோது, அதைத் தாங்காமல் ஓர் இளம் ரசிகர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். பந்து உதைத்தது யாரோ, தோற்றது யாரோ. போனது இவர் உயிர்.

இப்போது 1980 ஆகஸ்ட் 16-க்கு வருவோம். ஈடன் கார்டனில் இரு கழகங்களுக்கும் லீக் ஆட்டம். இரு பக்கத்து ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்ள, நடுவர் இருவரையும் வெளியேற்றினார். களத்தில் விஷயம் அதோடு முடிந்தது. கேலரியில் அப்போதுதான் ஆரம்பித்தது. கைகலப்பு, கல்வீச்சு, பிறகு தப்பிக்க ஓட்டம். 16 பேர் இறந்தார்கள். ஆட்டத்தில் எந்தப் பக்கமும் ஒரு கோல்கூடப் போடவில்லை!

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் அடித்துக்கொண்டு சாவதில்லை. நாலு பேர் அடிதடி தொடங்குவார்கள், நாற்பது பேர் சேருவார்கள், நாலாயிரம் பேர் பயந்து ஒரே வழியை நோக்கிப் பாய்வார்கள். பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் விழுந்தவர் தெரிவதில்லை. நெருக்கத்தில் மார்பு அழுந்தி, மூச்சு விட இடமில்லாமல் உயிர் போகிறது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் எதிரணி ரசிகர்களை உள்ளேயே விடவில்லை. அப்படியும் சொந்த அணி தோற்றதும் சிலர் களத்தில் இறங்கினார்கள், காவலர்கள் கண்ணீர்ப் புகை வீசினார்கள், கூட்டம் வாசல்களில் சிக்கியது. 135 பேர் இறந்தார்கள். வெறி ஒரு பாதி என்றால், வாசலும் காவலும் சரியில்லாதது மறு பாதி. அதனால் பழியை ரசிகன் தலையில் மட்டும் போட்டுவிட்டு நிர்வாகம் கை கழுவ முடியாது.

கொல்கத்தா அந்த நாளை மறக்கவில்லை. ஆகஸ்ட் 16 கால்பந்துப் பிரியர் தினமாக நினைவுகூரப்பட்டு, ரத்த தான முகாம் நடக்கிறது. ரத்தம் சிந்திய நாளில் ரத்தம் கொடுப்பது, இதைவிட நல்ல பிராயச்சித்தம் ஏது? ஆனாலும் பாடம் முழுக்கப் பதியவில்லை. 2012 டிசம்பரில் இதே இரு அணிகள் ஆடும்போது கேலரியிலிருந்து வந்த கல் ஓர் ஆட்டக்காரரைத் தாக்கி, ஆட்டம் பாதியில் நின்றது.

மனசு வைத்தால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம். சச்சின் 136 ரன் எடுத்தும் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. கண்ணில் நீர் வரத்தான் செய்தது. ஆனால் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. தோல்வியின் வலி இருந்தது, அதை மானப் பிரச்சினையாக ஆக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் வீடுகளில் என்ன செய்யலாம்? இங்கே வளரும் நம் பையன்கள் ஐ.பி.எல். சமயத்தில் சென்னையின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளித் தோழர்களோடு மல்லுக்கு நிற்கிறார்கள். "நாம ஜெயிச்சோம், நாம தோத்துட்டோம்" என்கிறார்கள். அந்த 'நாம'தான் வினையின் விதை. "நல்லா ஆடினாங்க, இன்னிக்கு அவங்க நம்மளவிட நல்லா ஆடினாங்க" என்று சொல்லப் பழக்குங்கள். எதிரணியின் நல்ல ஆட்டத்துக்கு அப்பா கை தட்டினால் பிள்ளையும் தட்டுவான். சாதி, ஊர், மொழி இவற்றை இழுத்துக் கேலி பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். மைதானத்துக்குப் போனால் உட்காரும் முன் வெளியே போகும் வழி எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் ஓர் இளம் பெண் மருத்துவர் பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கொலை செய்யப்பட்டார். ஊரே கொந்தளித்த அந்த நேரத்தில் இரு கழகங்களும் மோத இருந்த ஆகஸ்ட் 18 ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆட்டம் இல்லாத அந்த மாலையில் இரு பக்க ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே கூடி, அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டார்கள். தடியடிக்கும் கலையவில்லை. எதிரெதிர் நிறச் சட்டைகள் தோளோடு தோள் நின்றன. 1980-க்குப் பின் 44 வருடமும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. அன்று எந்த மானம் உயிரை வாங்கியதோ, அதே மானம் இன்று ஓர் உயிருக்காக எழுந்து நின்றது. செருக்கு உதிர்ந்தால் மானத்தில் மிஞ்சுவது தன்மதிப்பு ஒன்றே. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.