கத்தி முடிக்காத வேலை

பிளாஸ்டிக் சர்ஜரி என்றவுடன் அழகுக்காகச் செய்யப்படும் சிகிச்சையே நம் நினைவுக்கு வருகிறது. மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்இண்டோவின் வாழ்வைச் சற்றுக் கவனியுங்கள்.

1900-ஆம் ஆண்டு நியூசிலாந்தில் பிறந்த இவர், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வயிற்று அறுவை சிகிச்சையில் தேர்ச்சி பெற்றார். பின்பு லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது எதிர்பார்த்த வேலை அமையவில்லை. முதல் உலகப்போரில் சிதைந்த முகங்களைச் சீரமைத்த ஹரால்ட் கில்லிஸ் என்னும் உறவினரே அவருக்கு இக்கலையைக் கற்பித்தார்.

இரண்டாம் உலகப்போரில், தீயில் கருகிய விமானிகள் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊரிலிருந்த அவருடைய மருத்துவமனைக்கு வந்தனர். தீப்புண்ணில் டானிக் அமிலம் பூசுவது அக்கால வழக்கம். அது தோலை இறுக்கி விரல்களை முடக்கியது. கடலில் விழுந்தவர்களின் புண்கள் நன்றாக ஆறியதைக் கண்ட அவர், உப்புநீர்க் குளியலைப் புகுத்தினார். உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து இமைகளையும் மூக்கையும் அமைத்தார். ஒருவருக்கே பல அறுவைகள் தேவைப்பட்டன.

ஆயினும் முகம் சீராவது மட்டும் போதாது என்று அவர் அறிந்திருந்தார். உற்றுப் பார்க்காமல், வீட்டுக்கு அழைத்து உபசரிக்கும்படி ஊராரை வேண்டினார், ஊரும் இசைந்தது. 1941-ல் நோயாளிகள் வேடிக்கையாகத் தொடங்கிய 'கினிப்பன்றிகள் சங்கம்' போர் முடிவில் 649 உறுப்பினர்களைக் கொண்டிருந்தது.

ரயிலில் தழும்பேறிய முகத்தோடு ஒருவர் உங்கள் அருகில் அமர்ந்தால், இயல்பாய்ப் பேசுங்கள். மருத்துவரின் கத்தி முடிக்க இயலாத வேலை அது, நம்மால் இயலும்.